திருச்சி ஃபலாஃபெல் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லை நகர்ப் பக்கம் ஒரு சந்துக் கடையில் அருமையான ஃபலாஃபெல் கிடைக்கிறது என்று நாலு பேரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஆபீஸ் நண்பர்கள், சொந்தக்காரர்கள், கும்பகோணத்திலிருந்து போன் போடும் பெரியப்பா என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். சில பதில்கள் நீளும். அந்த இடங்களில் எனக்கு ஆர்வம் ஜாஸ்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபலாஃபெல் என்றால் என்ன?

ராத்திரி முழுக்க ஊறிய வெள்ளைக் கொண்டைக்கடலையை வேகவைக்காமல் அப்படியே கொரகொரப்பாக அரைத்து, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித் தழை, சீரகம் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுத்த உருண்டை. அரபு நாடுகளில் அதைக் குபூஸ் ரொட்டிக்குள் வைத்து லேசாக நசுக்கி, எள் விழுது ஊற்றி, தக்காளி, வெள்ளரிக்காய், ஊறுகாயோடு சுருட்டிக் கொடுப்பார்கள். காலைப் பலகாரமாகவும் ஓடும், ராச்சாப்பாடாகவும் ஓடும்.

அட, அது நம்ம ஆமவடைதானே?

பெரியப்பாவின் கேள்வி இது. பாதி சரி.

கடலைப்பருப்பு என்பது கறுப்புக் கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி உடைத்தது. வெள்ளைக் கொண்டைக்கடலை அதே செடியின் இன்னொரு ரகம். ஆக இரண்டும் பங்காளிகள். செய்முறையும் ஒன்றுதான்: ஊறவை, தண்ணீர் விடாமல் அரை, பிடிமானத்துக்கு என்று மாவு எதையும் கொட்டாதே, பொரி. ஆமவடை சுட்ட கைக்கு ஃபலாஃபெல் ஒன்றும் புது வித்தை கிடையாது.

வேறுபாடு எங்கே என்றால், ஆமவடைக்குப் பருப்பு இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். இங்கே கடலை முழுசு, மேலே தோல் வேறு. நடு வரைக்கும் தண்ணீர் இறங்க ஒரு ராத்திரி வேண்டும். ஆமவடையில் ஒரு கைப்பிடி பருப்பை அரைக்காமல் எடுத்துவைத்துக் கடைசியில் கலப்போம், பல்லில் கடிபட வேண்டும் என்பதற்காக. ஃபலாஃபெலில் முழுசாக எதுவும் அகப்படக் கூடாது, எல்லாம் ஒரே சீராக ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலைக்கு இங்கே வேலையில்லை. சீரகம், தனியா, அப்புறம் பச்சைத் தழை. தழை என்றால் வாசனைக்குக் கிள்ளிப் போடுவது கிடையாது, கட்டுக் கட்டாக. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு, ஆமவடை ஆறினாலும் மரியாதை குறையாது. கல்யாண இலையில் வைத்ததைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து மறுநாள் பஸ்ஸில் சாப்பிடாத தஞ்சாவூர் ஜில்லாக்காரர் உண்டா? ஃபலாஃபெல் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். மேல்தோல் நமுத்துவிடும், உள்ளே வறண்டுவிடும். அந்தக் கடை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணமே இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

எந்த ஊர்ப் பண்டம்?

எகிப்து என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் தாமியா. கொண்டைக்கடலைக்குப் பதிலாக ஃபாவா என்ற பெரிய மொச்சை போன்ற பயறைக் காயவைத்து, தோல் எடுத்து, ஊறவைத்து அரைக்கிறார்கள். சிரியா, லெபனான், பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் வந்தால் கொண்டைக்கடலை. எகிப்தில் உள்ள காப்டிக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் கறிக்குப் பதிலாகச் செய்ததுதான் தாமியா என்று ஒரு கதை உண்டு, ஆனால் அதற்குக் கெட்டியான ஆதாரம் இல்லை. இஸ்ரேலியர்கள் தங்கள் தேசியப் பலகாரம் என்கிறார்கள், அரபு நாட்டவர்கள் எங்களிடமிருந்து எடுத்ததுதானே என்கிறார்கள். அந்தச் சண்டை அங்கேயே இருக்கட்டும்.

கடை எப்படிக் கண்ணில் பட்டது?

மூக்கில்தான் முதலில் பட்டது. தில்லை நகரில் கண்ணாடிக்கு பவர் பார்க்கக் கொடுத்துவிட்டு, அது தயாராகும் வரை குறுக்குத் தெருவில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் திருச்சியில் எந்தத் தெருவில் நடந்தாலும் பஜ்ஜி எண்ணெய் வாசனை வரும், அது கணக்கில் வராது. இது வேறு மாதிரி. சூடான எண்ணெயில் பச்சைக் கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்து பொரிகிற வாசனை.

சந்துக்குள் திரும்பினால் பத்தடிக்குப் பத்தடி அறை, முன்னால் ஒரு ஸ்டீல் மேஜை, ஒரே ஒரு வாணலி. பக்கத்தில் டிராவல்ஸ் ஆபீஸ் இருப்பதால், விசா வேலையாக வந்தவர்கள் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்தவர்கள் ஒரு கடையில் அரபுச் சாப்பாட்டை வாங்கி, பேசாமல் சாப்பிடுகிறார்கள் என்றால் அதைவிட நல்ல சான்றிதழ் வேறு வேண்டாம். அவர்களுக்கு ஷார்ஜாவிலும் குவைத்திலும் சாப்பிட்ட நாக்கு. மோசமாக இருந்தால் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்கள்.

நான் நின்று பார்த்தது கடைக்காரரின் கையை. சின்னப் பித்தளைக் கரண்டி ஒன்று, பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு நெம்பு. மாவைக் கரண்டியில் வழித்து, கத்தியால் மேலே மேடு கட்டி, எள்ளில் ஒரு ஒற்று ஒற்றி, நெம்பை அழுத்துகிறார். உருண்டை வாணலிக்குள் வழுக்கி விழுகிறது. ஒரு ஈடு வெந்து வந்ததும் அதில் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கிறார். திருப்தி என்றால் பாதியைத் தானே வாயில் போட்டுக்கொண்டு மீதியை வரிசையில் முதலில் நிற்பவரிடம் நீட்டுகிறார். ஒவ்வொரு ஈட்டுக்கும் இதுதான் முறை. இந்தக் காரியத்தை எந்தப் பெரிய ஓட்டலிலும் நான் பார்த்ததில்லை.

சரி, கடை பெயர் என்ன? முழு விலாசம் கொடுங்களேன்.

கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரரே கேட்டுக்கொண்டார். "தம்பி, வீடியோ கீடியோ போட்டுடாதீங்க. இருபது பேர் கூட வந்தா சமாளிப்பேன். இருநூறு பேர் வந்து நின்னா கடலைக்கு நான் எங்க போவேன்?" நியாயம்தானே. தில்லை நகர்க் குறுக்குத் தெருக்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். டிராவல்ஸ் ஆபீஸ், எதிரே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர், அடுத்த சந்து. அவ்வளவுதான் சொல்வேன். நேரில் தெரிந்தவர்கள் கேட்டால் கூட்டிக்கொண்டே போகிறேன்.

கடைக்காரர் அரபுக்காரரா?

பாபநாசம் பக்கத்து ராஜகிரிக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், வயசில் சின்னவர்கள் பாயண்ணே. ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று டெல்டாவில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிப் போன ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இவர் குவைத்தில் ஒரு கஃபடீரியாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, எகிப்துக்காரச் சமையல்காரர் ஒருவரிடம் அடுப்பு வேலை பழகியிருக்கிறார். அந்த எகிப்துக்காரர் வாய்திறந்து எதையும் சொல்லித்தர மாட்டாராம், தப்பாகச் செய்தால் மாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அரைக்கச் சொல்வாராம். பாய் இதைச் சொல்லும்போது சிரிப்பார்.

இவ்வளவு நல்லாப் போகுதென்றால் ஏன் பெரிசாகப் போடக் கூடாது?

வருகிற எல்லோரும் கேட்பது இது. "முதலீடு நான் போடுறேன் பாய்" என்று ஒருவர் வந்து நின்றதை நானே பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பண்டம் எந்தக் கட்டத்திலும் காத்திருக்காது. கடலையை இன்று ராத்திரி ஊறப்போட்டால்தான் நாளைக்கு வியாபாரம். சாயங்காலம் கூட்டம் அதிகமாகிவிட்டதே என்று திடீரென்று இன்னும் இரண்டு கிலோ கூட்ட முடியாது. சரி, நிறைய ஊறப்போட்டு நிறைய அரைத்து வைத்துக்கொள்ளலாம் என்றால், அரைத்த மாவில் உப்பும் வெங்காயமும் சேர்ந்தவுடன் தண்ணீர் விட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் போனால் கிண்ணத்தின் அடியில் நிற்கும். அதை உருட்டிப் போட்டால் எண்ணெயில் உடைந்து தூளாகும். உடையாமல் இருக்க மைதாவோ கடலை மாவோ சேர்த்தால் ஃபலாஃபெல் போண்டாவாகிவிடும். பொரித்து அடுக்கி வைக்கலாமா என்றால் மேலே சொன்னேனே, பத்து நிமிடம். ஒரே வாணலியில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, உருண்டை எண்ணெயைக் குடிக்கும்.

அதனால் பாய் சாயங்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை அரைக்கிறார். மசாலாவும் தழையும் சேர்ப்பது ஒவ்வொரு தடவையும் புதுசாக. கேட்டவருக்கு மட்டும் பொரிக்கிறார். ஊறப்போட்டது தீர்ந்தால் கடை தீர்ந்தது.

இதையே பெரிய உணவகமாகப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மெனு அட்டையில் நூற்றைம்பது அயிட்டம், அதில் கடைசிப் பக்கத்தில் 'ஃபலாஃபெல் பிளாட்டர்'. பையில் உறைந்து வந்த உருண்டையைப் பொரித்து, நடுவில் ஹம்முஸ் என்ற கடலை விழுதைத் தடவி, தட்டு மட்டும் அகலமாக வரும். சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு 'ஃபலாஃபெல் என்றால் இவ்வளவுதானா' என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். சின்னக் கடை என்றால் ஓர் அழகு, ஒரு பழைய வாசம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பெரிய கடையின் வசதிகள் அத்தனையும் இந்த ஒரு பண்டத்துக்கு எதிராக வேலை செய்கின்றன. அவ்வளவே.

என்னென்ன கிடைக்கும்? விலை?

ஃபலாஃபெல் தனியாக, குபூஸில் சுருட்டி, அல்லது தட்டில் ஹம்முஸோடு. ஹம்முஸ் வேகவைத்த கொண்டைக்கடலையும் எள் விழுதும் எலுமிச்சையும் சேர்த்து மைய அரைத்தது. குடிக்க லெமன் மின்ட் அல்லது சுலைமானி என்ற பாலில்லாத டீ. இவ்வளவுதான் கடை. ஒரு சுருள் சாப்பிட்டால் ராத்திரிக்கு வேறு வேண்டாம், அது நல்ல ஓட்டலில் நெய் ரோஸ்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் ஊறுகாயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லெபனான் பக்கம் டர்னிப் கிழங்கைப் பீட்ரூட் துண்டோடு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இளஞ்சிவப்பு ஊறுகாய் போடுவார்கள். நம் காய்கறிக் கடைகளில் அதை எங்கே தேடுவது? பாய் வெள்ளை முள்ளங்கியில் போடுகிறார். கடித்தால் கறுக்கென்று இருக்கிறது, காரம் லேசாக மூக்குக்கு ஏறுகிறது. எனக்கு ஒரிஜினலைவிட இதுதான் பிடிக்கிறது. மாங்காய் சீசனில் ஆம்பா என்று இன்னொன்றும் வைக்கிறார். மாங்காயில் மஞ்சளும் வெந்தயமும் போட்டுக் கூழாக அடித்தது. ஈராக்கில் பிரபலமான இந்தச் சமாச்சாரம், பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக இங்கிருந்து அங்கே போனது என்பார்கள். ஒரு ஸ்பூன் கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்.

சுத்த சைவமா? அமாவாசை, கிருத்திகைக்குச் சாப்பிடலாமா?

இந்தக் கடையில் கறி, முட்டை எதுவும் கிடையாது. எண்ணெயும் ஃபலாஃபெலுக்கு மட்டும்தான். பால் பொருள்கூட இல்லை. ஆனால் பூண்டும் வெங்காயமும் இல்லாமல் இந்தப் பண்டமே இல்லை. அவற்றையும் தள்ளுபவர்கள் அன்றைக்கு லெமன் மின்ட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மற்ற கடைகளில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஷவர்மா கடையில் ஃபலாஃபெல் வாங்கினால் சிக்கன் பொரித்த எண்ணெயாக இருக்க வாய்ப்புண்டு. இன்னொன்று, வெள்ளையாகக் கொடுக்கும் பூண்டுச் சாஸ். லெபனானில் தூம் என்று அதற்குப் பெயர், முறைப்படி பூண்டு, உப்பு, எண்ணெய், எலுமிச்சை மட்டும்தான். சீக்கிரம் திரள வேண்டும் என்று முட்டை வெள்ளை சேர்ப்பவர்களும், மயோனைஸில் பூண்டைக் கலக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். பாய் தூமை முட்டையில்லாமல் அடிக்கிறார், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு. முதல் தடவை சாப்பிடுகிறவர்களுக்குப் பூண்டு தலைக்கேறும், அடுத்த நாள் ஆபீசில் மீட்டிங் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊரில் சாப்பிடும்போது நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வாணலியைப் பாருங்கள், சுட்டு அடுக்கியிருந்தால் நடையைக் கட்டுங்கள். வாங்கியதும் ரொட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். மேலே நன்றாகச் சிவந்து, தொட்டால் சரசரவென்று இருக்க வேண்டும். உள்ளே பச்சை, ஈரம், அதே சமயம் உதிரி உதிரியாக. பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் வேகவைத்த கடலையில் செய்திருக்கிறார்கள். உள்ளே மஞ்சளாக, ரப்பர் மாதிரி இழுத்தால் மாவு கலந்திருக்கிறார்கள். பேப்பரில் எண்ணெய் வட்டம் பெரிசாகப் படர்ந்தால் சூடில்லாத எண்ணெயில் போட்டிருக்கிறார்கள். கசப்பு அடித்தால் எண்ணெய் பழசு.

எள் விழுது என்கிறீர்களே, அது நம்ம எள்தானா?

எள்தான். தாஹினி என்று புட்டியில் வெளிநாட்டு விலைக்கு விற்கிறார்கள், ஆனால் சம்பா அறுத்த வயலில் கோடைக்கு எள் போடுகிற ஊர்க்காரர்கள் நாம். தோல் நீக்கிய வெள்ளை எள்ளைச் சின்னத் தீயில் வறுங்கள். நிறம் மாறவே கூடாது, சூடேறி வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். எள்ளுருண்டைக்கு வறுக்கிற அளவுக்குப் போனால் கசக்கும். ஆறியதும் மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், வழித்துவிட்டு அரைத்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் விட்டுக் குழம்பாகும். இரண்டு ஸ்பூன் ரீஃபைண்ட் எண்ணெய் சேர்க்கலாம். செக்கு நல்லெண்ணெய் சேர்த்தால் வாசனை தூக்கலாகி, இட்லிமிளகாய்ப் பொடி ஞாபகம் வந்துவிடும்.

இதில் எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் சிமென்ட் மாதிரி இறுகும். பயந்துவிடாதீர்கள், அது அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, வெளுத்து, தோசை மாவுப் பதத்துக்கு வரும். உப்பு, நசுக்கிய பூண்டு அரைப் பல். முடிந்தது.

வீட்டில் ஃபலாஃபெல் செய்யலாமா? அளவு சொல்லுங்கள்.

தாராளமாக. கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை. இதைக் கொத்துக்கடலை, மூக்கடலை என்று வீட்டுக்கு வீடு ஒரு பெயரில் சொல்வோம். டெல்டாவில் விளைகிற சரக்கு இல்லை, பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கமிருந்து மண்டிக்கு வருவதுதான். பழைய சரக்காக இருந்தால் எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல் மாதிரி இருக்கும், நல்ல ஓட்டமுள்ள கடையில் வாங்குங்கள்.

நிறையத் தண்ணீரில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறட்டும், 18 ஆனாலும் சரி. எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்து ஒரு தடவை தண்ணீர் மாற்றுங்கள். ஒரு கடலையை நகத்தால் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி இல்லாமல் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள். இதில் சோம்பல்பட்டால் அப்புறம் உருண்டை உடையும். ஒரு நடுத்தர வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, இரண்டு கைப்பிடி கொத்தமல்லித் தழை, ஒரு கைப்பிடி புதினா, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு டீஸ்பூன், தனியா ஒன்றரை டீஸ்பூன், உப்பு, காரம் வேண்டுமென்றால் இரண்டு பச்சை மிளகாய். அரபு நாடுகளில் பார்ஸ்லி போடுவார்கள், அதற்காக அலைய வேண்டாம். மிக்ஸியில் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கிரைண்டரை நினைக்கவே வேண்டாம், அது மாவாக்கிவிடும். கையில் அழுத்திப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அழுத்தி உதிர்த்தால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து, பொரிக்கப் போகும் நேரத்தில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, எலுமிச்சை அளவில் தட்டி, எள்ளில் புரட்டுங்கள். எண்ணெய் 175 டிகிரி சுமாரில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள், அடியில் போய் உடனே நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் சரி. முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதி மாவை இன்னொரு சுற்று அரைத்தால் சரியாகிவிடும். நாலைந்து நிமிடம், திருப்பிப் போட்டுச் சிவக்க எடுக்க வேண்டியதுதான்.

நேரமில்லை, குக்கரில் நாலு விசில் விட்டுச் செய்தால் என்ன?

சுண்டல் செய்துகொள்ளுங்கள். பச்சைக் கடலையில் உள்ள மாவுச்சத்து எண்ணெய்க்குள் போகும்போதுதான் வெந்து, பசை மாதிரி ஆகி, தூள்களை ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்கிறது. குக்கரிலேயே வெந்துவிட்டால் அந்தப் பிடிப்பு வேலை முன்னாலேயே முடிந்துபோயிருக்கும், ஈரமும் கூடிப்போயிருக்கும். எண்ணெயில் போட்டதும் கரையும். டின்னில் வருவதும் வேகவைத்ததுதான்.

கொண்டைக்கடலைக்குப் பதில் நம்ம ஊர்ப் பயறில் செய்யலாமா?

இது நல்ல கேள்வி. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவோம். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அவை விளைந்து வரும். அந்தப் பச்சைப்பயறை முழுசாக ஊறவைத்து இதே முறையில் செய்தேன். உள்ளே நிறம் பிரமாதம், மேல் மொறுமொறுப்பு கொஞ்சம் கம்மி, ஆனால் நல்ல பண்டம். ஊறவைக்க ஆறு மணி நேரம் போதும், அது ஒரு லாபம். உளுந்து வேலைக்காகாது. அதில் உள்ள வழவழப்பு காற்றைப் பிடித்து, உப்பிப்போய் மெதுவடை ஆகிவிடும். காய்ந்த மொச்சையைத் தோல் உரித்துச் செய்தால் எகிப்து தாமியாவுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். உரிக்க ஆள் வேண்டும்.

உடம்புக்கு நல்லதா?

எண்ணெயில் பொரித்தது. கடலையில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது, அதற்காக மருந்து என்று சொல்ல முடியாது. வாயு உபத்திரவம் உள்ளவர்கள் இரண்டோடு நிறுத்துங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு எகிப்து ஃபாவா பயறு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கொண்டைக்கடலையில் அந்த ஆபத்து இல்லை. மற்றபடி கவலைப்பட வேண்டியது எண்ணெயைத்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் கெடக் கெடக் கூடுகிற பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. நாம் கருவி கொண்டுபோய் அளக்கப் போவதில்லை. கறுத்து, கெட்டியாகி, போட்டதும் நுரை தள்ளினால் வேறு கடை பாருங்கள்.

எப்போது போகலாம்? வெளியூரிலிருந்து வந்தால் பார்சல் வாங்கலாமா?

சாயங்காலம் ஐந்தரைக்கு வாணலி வைப்பார். ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடும், சனிக்கிழமை என்றால் எட்டு மணிக்கே. வெள்ளிக்கிழமை கடை இல்லை. ரம்ஜான் மாதத்தில் நேரம் மாறும். நோன்புக்கஞ்சிக்கு வடை, சமோசா வாங்குகிறவர்கள் இதையும் வாங்கிப் போவதால் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததுமே கூட்டம் நிற்கும். கஞ்சியோடு ஃபலாஃபெல் நன்றாகவே சேர்கிறது என்று பாய் சொல்கிறார், சாப்பிட்டுப் பார்த்தேன், உண்மைதான்.

பார்சல் மட்டும் வேண்டாம் என்பேன். கட்டிய பொட்டலத்துக்குள் ஆவி கட்டி, தஞ்சாவூர் தாண்டுவதற்குள் எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். மயிலாடுதுறை ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள் ஒருமணி நேரம் முன்னால் வந்து, நின்று சாப்பிட்டுவிட்டு, ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடியுங்கள். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உருண்டை, ரொட்டி, எள் விழுது, ஊறுகாய் எல்லாம் தனித்தனியாகக் கேளுங்கள். உருண்டைப் பொட்டலத்தின் வாயைத் திறந்தே வைத்திருங்கள். வீட்டுக்குப் போனதும் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சுடவையுங்கள். பாய் அரை மனதோடுதான் கட்டித்தருவார்.

தஞ்சாவூர், கும்பகோணத்தில் கிடைக்காதா?

ஷவர்மா, மந்தி போடும் கடைகளில் சில இடத்தில் கிடைக்கிறது. நான் சாப்பிட்டவரை பையில் உறைந்து வந்த உருண்டைதான். நல்ல கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வந்து சாப்பிட்டுவிட்டு இங்கே சேர்க்கிறேன்.

வீட்டில் செய்து மீந்துவிட்டால்?

பொரிக்காத மாவு என்றால், சோடா சேர்க்காத பட்சத்தில், ஒருநாள் ஃபிரிட்ஜில் தாங்கும். தண்ணீர் விட்டிருந்தால் வடித்துவிட்டுப் பொரியுங்கள். பொரித்தது மீந்தால் மோர்க்குழம்பு வையுங்கள். பருப்புருண்டை மோர்க்குழம்பு மாதிரிதான், குழம்பை இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் உருண்டைகளைப் போட்டு மூடினால் போதும், அதிகம் கொதிக்கவிட்டால் கரையும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்ட குழம்புக்கு உள்ளே இருக்கும் கொத்தமல்லியும் பூண்டும் ஒத்துப்போகின்றன. பாயிடம் இதைச் சொன்னபோது கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் அவர் வீட்டிலும் வைத்தார்களாம்.